சுத்தமான சைக்கிள்களின் படங்கள்

டூர் டிவைட் என்று ஒரு சைக்கிள் போட்டி இருக்கிறது. கனடாவின் பான்ஃபில் கிளம்பி, ராக்கி மலைத்தொடரை ஒட்டியே தெற்கே இறங்கி, அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் ஆன்டலோப் வெல்ஸ் என்ற சோதனைச்சாவடியில் முடியும். ஏறத்தாழ 4,350 கி.மீ. பெரும்பகுதி மண்ரோடு, சரளை, காட்டுப்பாதை. நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. ஜூன் மாத இரண்டாவது வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து கிளம்புவார்கள். அதன்பிறகு அவரவர் பாடு. வழியில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிற கடை, விடுதி, சைக்கிள் ஷாப் ஆகியவற்றைக் காசு கொடுத்துப் பயன்படுத்தலாம். தனக்கு மட்டும் கிடைக்கிற உதவி எதையும் வாங்கக்கூடாது.

இந்தப் போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் பைக்பேக்கிங் டாட் காம் தளத்தில் 'ரிக்ஸ் ஆஃப் தி டூர் டிவைட்' என்று ஒரு தொகுப்பு வரும். கிளம்பப்போகிறவர்களின் சைக்கிள் படங்கள், கூடவே ஃபிரேம் என்ன, ஃபோர்க் என்ன, டயர் என்ன, கியர் என்ன, பைகள் யாருடையவை என்று ஒரு பட்டியல், அவரைப் பற்றி ஒன்றிரண்டு வரி. நான் இதைப் பல வருஷமாக விடாமல் படித்து வருகிறேன். இந்தப் போட்டியில் ஓட்டும் உத்தேசம் எனக்குத் துளியும் இல்லை. சிலர் கிரிக்கெட் ஸ்கோர்கார்டு படிப்பதுபோலத்தான் இதுவும். இத்தனை வருஷம் படித்ததில் இந்த வகை எழுத்தைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் சேர்ந்துவிட்டன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பத்திரிகைகளில் ஜெயிக்கிறவரின் சைக்கிள் மட்டும்தான் படமாக வரும். இங்கே ஸ்பான்சர் உள்ள தொழில்முறை வீரரின் கார்பன் சைக்கிளும், ரிட்டயர் ஆன ஒருவரின் பழைய ஸ்டீல் சைக்கிளும் ஒரே அளவு படத்தில், ஒரே மாதிரிப் பட்டியலோடு நிற்கும். ஒருவர் ஹேண்டில்பாரில் குழந்தையின் படத்தை ஒட்டியிருப்பார். இன்னொருவர் டூத்பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டிச் சின்னதாக்கியிருப்பார். மனிதர்கள் பயத்தை எப்படியெல்லாம் பையில் மடித்து வைக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒருவர் மூன்று உபரி ட்யூப் வைத்திருப்பார், அவருக்குப் பஞ்சர் பயம். இன்னொருவரிடம் கனத்த ஸ்லீப்பிங் பேக், அவருக்குக் குளிர் பயம்.

பிரச்சினை, இந்தப் படங்கள் எல்லாமே கிளம்புவதற்கு முன் எடுத்தவை. செயின் பளபளக்கும். பைகளில் ஒரு சேற்றுத்துளி இருக்காது.

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி ஆபிரகாம் வால்ட் செய்த ஆய்வு சாஃப்ட்வேர் ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடம். திரும்பி வந்த விமானங்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து அங்கே கவசம் போடாதே, ஓட்டை இல்லாத இடத்தில் போடு, ஏனென்றால் அங்கே அடிபட்டவை திரும்பி வரவில்லை. மீட்டிங்குகளில் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஆனால் இந்தப் பட்டியல்கள் அந்த நிலைமையைவிட மோசம். இவை விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்த படங்கள். யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்ற தகவலே இவற்றில் கிடையாது. இந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் அதே டயரை வாங்கினால், அவர் நகல் எடுப்பது இன்னொருவரின் ஊகத்தை. அதனால்தானோ என்னவோ, விட்டோரியா மெஸ்கல் டயர் வருஷத்துக்கு வருஷம் இத்தனை சைக்கிள்களில் தென்படுகிறது. நல்ல டயர்தான், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை பேர் அதைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் போன வருஷப் பட்டியலைப் பார்த்து எடுத்தார்கள் என்று பட்டியலை வைத்துப் பிரிக்கவே முடியாது.

அடுத்தது எடை. இந்த உலகத்தில் கிராம் கணக்கு ஒரு மதம். டைட்டானியம் ஸ்பூன், கார்பன் சீட்போஸ்ட், 30 கிராம் குறைவான பம்ப். சாமான்களின் எடையைச் சொல்லும்போது தண்ணீரையும் சாப்பாட்டையும் கழித்துவிட்டுச் சொல்வது வழக்கம். இப்போது வயோமிங் மாநிலத்துக்கு வாருங்கள். அங்கே கிரேட் டிவைட் பேசின் என்று ஒரு பொட்டல். மலைமுகட்டுக் கோடு இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு பள்ளத்தை விட்டிருக்கிறது. அதற்குள் பெய்கிற மழை அட்லாண்டிக்குக்கும் போகாது, பசிபிக்குக்கும் போகாது, அங்கேயே ஆவியாகிவிடும். அட்லாண்டிக் சிட்டி என்ற குட்டி ஊரை விட்டால் ராலின்ஸ் வரை ஏறத்தாழ 200 கி.மீ.க்குக் கடை கிடையாது. மரம்கூடக் கிடையாது, காற்று மட்டும் தாராளம். ஓட்டுகிறவர் 5 அல்லது 6 லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 லிட்டர் என்றால் 6 கிலோ. டைட்டானியத்தில் சேமித்த எல்லா கிராமும் ஒரே குழாயடியில் காலி.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 6 கிலோ எங்கே உட்காருகிறது என்பது. ஃபிரேமுக்கு நடுவில், தாழ்வாக இருந்தால் சைக்கிள் அடக்கமாக ஓடும். முதுகுப்பையில் இருந்தால் அந்த எடை முழுக்க சீட்டின் வழியாக உடம்பின் மென்மையான இடத்தில் இறங்கும். ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் கட்டினால் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கனம் தெரியும். பட்டியலில் பையின் பெயர் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது. அதைவிட முக்கியமாக, ஓட்டுபவரின் உயரமும் எடையும் இருக்காது. குள்ளமானவரின் ஃபிரேமுக்குள் முக்கோணம் சிறியது, அங்கே பாட்டிலும் பையும் சேர்ந்து உட்காராது. சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு, பெரிய சீட் பேக் தொங்கினால் டயரில் உரசும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிள் என்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் மேலே வந்து பையை அடிக்கும். ஆறடி மனிதரின் செட்டப்பைப் பார்த்து ஐந்தடி மனிதர் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. டயர் பிரஷரும் அப்படியே. ஆளின் எடை தெரியாமல் 20 பிஎஸ்ஐ என்று சொல்வது, சட்டையின் சைஸ் சொல்லாமல் கலர் மட்டும் சொல்வதுபோல.

என் தொழில் புத்தியில் சொன்னால், இந்தப் பட்டியல்கள் உதிரிபாகங்களை எண்ணுகின்றன, பாகங்களுக்கு இடையே நடப்பதை விட்டுவிடுகின்றன. ஒரு சின்ன உதாரணம். முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 51 பல், 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமாராக 2.3 மீட்டர். ஒரு மிதிக்கு 1.53 மீட்டர் நகரும். செங்குத்து ஏற்றத்தில் நிமிஷத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 5.5 கி.மீ. முட்டி பிழைக்கும், நல்ல கியர். இதே சைக்கிளின் முன்சக்கரத்தில் ஹப் டைனமோ இருக்கிறது. அது சொல்லப்பட்ட 3 வாட்டைத் தருவது மணிக்கு 15 கி.மீ. அளவில் ஓடும்போது. 5.5 கி.மீ. வேகத்தில் வழிகாட்டி ஜிபிஎஸ்ஸுக்கு உருப்படியாக சார்ஜ் ஏறாது, முன்விளக்கும் மங்கி மினுக்கும். அதாவது முட்டிக்கு நல்லதான கியர், ராத்திரி ஏற்றத்தில் விளக்கைக் கெடுக்கிறது. இதைத் தெரிந்தவர் ஹெல்மெட்டில் ஒரு பேட்டரி விளக்கும், 10,000 எம்ஏஎச் பவர் பேங்கும் கூட வைத்துக்கொள்வார். பட்டியலில் கியர் ஒரு வரி, டைனமோ ஒரு வரி, ஹெட்லைட் ஒரு வரி. மூன்றையும் கட்டிப்போட்டிருக்கும் கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

சேறும் அப்படித்தான். இந்தப் பாதையில் மொன்டானாவிலும் நியூ மெக்சிகோவிலும் சில இடங்களில் களிமண் ரோடு. காய்ந்திருந்தால் கான்கிரீட் மாதிரி பறக்கலாம். மழை பெய்தால் வேர்க்கடலை வெண்ணெய்ச் சேறு என்றுதான் அங்கே பெயர். டயரில் ஒட்டும், ஒட்டியதன்மேல் ஒட்டும், ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் சுரண்டிவிட்டுப் பத்தடி தள்ளி, மறுபடி சுரண்ட வேண்டியதுதான். தோளில் தூக்கலாம் என்றால் சேற்றோடு சேர்ந்து சைக்கிள் இரண்டு மடங்கு கனக்கும். பலவந்தமாக மிதித்தால் டிரெயிலர் பிய்ந்து ஆரக்கம்பிக்குள் போய்விடும். ஃபிரேமில் எவ்வளவு அகல டயர் நுழையுமோ அதைப் போடுவது பட்டியலில் கம்பீரமாகத் தெரியும். 2.6 அங்குலம் நுழைகிற ஃபிரேமில் 2.2 டயர் போட்டவர் கஞ்சமாகத் தெரிவார். மழை நாளில் அந்தக் கஞ்சத்தனம்தான் ஓடும். பிரேக் பேடும் அதே கதை. ரெசின் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், மணலும் ஈரமும் கலந்தால் சீக்கிரம் கரைந்துவிடும். மெட்டாலிக் பேட் கத்தும், ஆனால் தாங்கும். பிரேக் கம்பெனி பெயர் பட்டியலில் வரும். எந்த பேட் என்பது அபூர்வமாகத்தான் வரும்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது கைகளைப் பற்றிப் பேசாததில்தான்.

நீண்டதூரம் ஓட்டுபவர்களின் கைகளுக்கு என்ன ஆகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாயுமே, அந்த அல்நார் நரம்பு மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் போகிறது. ஹேண்டில்பார் சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். சரளை ரோட்டின் அதிர்வும் சேர்ந்தால் முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். அப்புறம் விரல்களை விரிக்கும், சேர்க்கும் சின்னத் தசைகள் பலம் இழக்கும். பையின் ஜிப்பை இழுக்க முடியாது. சாவியைத் திருப்ப முடியாது. பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்க வேண்டும். போட்டி முடிந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இது நீடிக்கும்.

நான் 40 மணி நேரக் கெடுவில் 600 கி.மீ. பிரவே ஓட்டியிருக்கிறேன், அதுவும் தார் ரோட்டில். அதற்கப்புறம் ஒன்பது நாள், இடது சுண்டுவிரல் ஷிஃப்ட் கீயை அழுத்தியதா இல்லையா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விரல்களால் சாப்பாடு சம்பாதிக்கிறவனுக்கு அந்த ஒன்பது நாள் ரொம்ப நீளம். இவர்கள் ஓட்டுவது அதைப்போல ஏழு மடங்கு தூரம், சரளையில்.

இந்தக் கண்ணோட்டத்தோடு மறுபடி அந்தப் படங்களைப் பார்த்தால் பாதிச் சாமான்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். மலை சைக்கிளில் ஏன் ஏரோபார்? 1989 டூர் டி ஃபிரான்ஸில் கிரெக் லெமாண்ட் அதை வைத்து 8 விநாடியில் ஜெயித்ததிலிருந்து அதற்குக் காற்றைக் கிழிக்கும் கருவி என்று பெயர். சரளையில் 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கும் காற்று உண்டுதான். ஆனாலும் அங்கே அதன் பெரிய வேலை, உடம்பின் பாரத்தை முழங்கைக்கு மாற்றி உள்ளங்கைக்கு விடுமுறை தருவது. 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க்கா, ரிஜிட் ஃபோர்க்கா என்ற முடிவில்லாத சண்டையும் வேகத்தைப் பற்றியதாகவே நடக்கிறது. ரிஜிட் லேசு, கெட்டுப்போக எதுவும் இல்லை, ஏற்றத்தில் ஆடாது, இரண்டு பக்கமும் பாட்டில் கட்டலாம். எல்லாம் உண்மை. பத்தாவது நாள் விரல் எப்படி இருக்கும் என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் தராசு நிறையவே சாயும். எலெக்ட்ரானிக் கியரையும் இப்படிப் பார்க்கலாம். பேட்டரியை நம்பி எப்படிக் காட்டுக்குள் போவது என்று நானே பல நாள் முணுமுணுத்ததுண்டு, அந்தக் கேள்வி இன்னும் செல்லும்தான். ஆனால் கேபிள் கியரின் லீவரைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள வேண்டும், அதுவும் ஒரு நாளில் ஆயிரம் தடவைக்கு மேல். பலமிழந்த கைக்கு, லேசாகத் தொட்டால் மாறுகிற பொத்தான் பெரிய உபகாரம். விளம்பரங்களில் துல்லியம், வேகம் என்கிறார்கள். ஊனத்தோடு ஓட்டுவதற்கான வசதி என்று யாரும் விற்கமாட்டார்கள் போலிருக்கிறது.

டிராப் பார் விஷயமும் பாருங்கள். 2015ல் சால்சா கம்பெனி இந்தப் பாதையையே மனதில் வைத்து கட்த்ரோட் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. மலை சைக்கிள் சக்கரம், ரோடு சைக்கிள் ஹேண்டில்பார். 1990லேயே ஜான் டோமாக் மலை சைக்கிள் பந்தயத்தில் டிராப் பார் வைத்து ஓட்டினார், அவர் ரோடு பந்தயமும் ஓட்டிக்கொண்டிருந்ததால். இங்கே காரணம் வேறு. கையை வைக்க நாலைந்து இடம் கிடைக்கிறது, ஒரே இடத்தில் அழுத்தம் சேராது. செங்குத்து இறக்கத்தில் அகலமான நேர் பார்தான் தைரியம் தரும் என்பதும் உண்மை. இரண்டில் எது என்பது, உங்கள் பயம் இறக்கத்தின் மேலா, மணிக்கட்டின் மேலா என்பதைப் பொறுத்தது.

உடம்பைப் பற்றி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. ஜில் ஹோமர் 2011ல் வெளியிட்ட 'பி பிரேவ், பி ஸ்ட்ராங்' புத்தகம் அவருடைய 2009 டூர் டிவைட் பற்றியது. அந்த வருஷத் தொடக்கத்தில் அலாஸ்காவின் குளிர்காலப் போட்டி ஒன்றில் அவருடைய கால் உறைபனியில் அடிபட்டிருந்தது. அதிலிருந்து மீண்டு வந்து 24 நாள் 7 மணி நேரத்தில் முடித்தார், அப்போது அது பெண்களுக்கான சாதனை. சைக்கிள் தொழில்நுட்பம் தேடிப்போகிறவருக்கு அந்தப் புத்தகம் ஏமாற்றம்தான். ஆனால் ஒரு செட்டப் என்பது தூக்கமில்லாத, அழுதுகொண்டிருக்கிற ஒரு ஆள் இருட்டில் கையாள வேண்டிய பொருள் என்பது அதைப் படித்தால் புரியும். 2010ல் வந்த 'ரைட் தி டிவைட்' ஆவணப்படம் 2008 போட்டியைப் பின்தொடர்கிறது. பலருக்கு இந்தப் போட்டி இருப்பதே அதைப் பார்த்துத்தான் தெரியும். படத்தில் மலையும் வானமும் அள்ளிக்கொண்டு போகும். பாட்டு கொஞ்சம் ஜாஸ்தி. தயாரிப்பாளர்களில் ஒருவரான மைக் டியோனே ஓட்டக் கிளம்பி, பாதியில் விலகுகிறார். படத்தின் நேர்மையான பகுதி என்று நான் நினைப்பது அதைத்தான். அவரை நிறுத்தியதை எந்த உதிரிபாகமும் சரிசெய்திருக்காது.

சாமான்தான் வேகத்தைத் தருகிறது என்று நம்புகிறவர்களுக்குச் சில எண்கள். 1999ல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் அமெரிக்க எல்லையிலிருந்து தனியாக ஓட்டி 18 நாள் 5 மணியில் முடித்தார். கனடா பகுதி அதில் இல்லை. 2016ல் மைக் ஹால் பான்ஃபிலிருந்து முழுதும் ஓட்டி 13 நாள் 22 மணி 51 நிமிஷம். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவில் ஒரு போட்டியில் கார் மோதி அவர் இறந்துபோனார். அந்தச் சாதனை 2024 வரை நின்றது. 2025ல் ராபின் கெம்பர்லே 12 நாளுக்குள் முடித்துவிட்டார், தினமும் 360 கி.மீ.க்கு மேல். இந்த வரிசையைப் பார்த்தால் சைக்கிள் முன்னேறியதுதான் காரணம் என்று தோன்றும். நடுவில் கிறிஸ் பிளெஸ்கோவை வையுங்கள். 2017ல் ஒரே கியர் உள்ள சைக்கிளில் 15 நாள் 8 மணி. 2019ல் அலெக்சாண்டெரா ஹூச்சின் ஒரே கியரில் ஓட்டிப் பெண்களில் முதலாவதாக வந்தார், 19 நாளுக்குள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது, சமதளத்தில் கால் சும்மா சுற்றுவது, இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் டிரெயிலர், ஹேங்கர், ஷிஃப்டர் என்று கெட்டுப்போகக்கூடிய ஒரு கூட்டத்தையே வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். ஒரே கியர் எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல வரவில்லை, என் முட்டி ஒத்துக்கொள்ளாது. மேலே உள்ள எண்களில் தூக்கத்தின் பங்கு எவ்வளவு, உடம்பின் பங்கு எவ்வளவு, சாமானின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தப் பட்டியலும் உதவாது என்றுதான் சொல்கிறேன்.

என் வேலையில் ஒரு சர்வர் விழுந்தால் பிறகு உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். என்ன விழுந்தது, எப்போது தெரிந்தது, எதை வைத்து ஒட்டுப்போட்டோம். யார்மேலும் பழி போடாமல். இந்தப் போட்டியிலும் சில பேர் முடித்தபிறகு அப்படி எழுதுகிறார்கள். எந்த ஊர்த் தபால் நிலையத்திலிருந்து எதை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன், டயரின் பக்கவாட்டு கிழிந்தபோது ஊசியும் பல்லிடுக்கு நூலும் வைத்து எப்படித் தைத்தேன், எந்தச் சாமானைக் கடைசிவரை பையிலிருந்து எடுக்கவேயில்லை என்று. கிளம்பும் முன் எழுதிய நூறு பட்டியலுக்கு இப்படி ஒன்று போதும். ஆனால் அவற்றுக்கு நல்ல படம் இருக்காது, சைக்கிள் பாதி உடைந்திருக்கும், ஆளும் அப்படித்தான். அதனால் யாரும் பகிர்வதில்லை. விலகினவர்கள் எழுதுவது இன்னும் குறைவு. அவர்களிடம்தான் தகவல் அதிகம்.

வரும் ஜூனிலும் தொகுப்பு வரும், நானும் படிப்பேன், சந்தேகமில்லை. ஃபிரேம் பெயரைத் தாண்டிவிட்டு ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப்போகிறேன். அப்புறம் கைப்பிடி உறை எவ்வளவு தடிமன் என்று.